ஃபில்லர் ஊசி: எத்தனை மாதம் நிற்கும் என்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி

நாகர்கோவில், மார்த்தாண்டம், குழித்துறை என்று வந்து தமிழக-கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் வரை செல்லும் சாலையின் இருபுறமும் முகச் சுருக்கத்துக்குச் சிகிச்சை என்ற விளம்பரங்களைக் காணலாம். போடாக்ஸ், ஃபில்லர், ஸ்கின் பூஸ்டர், லிக்விட் ஃபேஸ்லிஃப்ட் என்ற பெயர்கள் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருவதால், இவையெல்லாம் ஒரே மருந்தின் வெவ்வேறு பெயர்கள் என்றோ, விலைக்கு ஏற்ப தரம் கூடுகிற ஒரே வகைச் சரக்கு என்றோ பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வீட்டுக் கல்யாணம் நெருங்கும்போதோ, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும்போதோ அவசரமாக முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் கேட்கிறார்கள்: எவ்வளவு ஆகும், எத்தனை மாதம் நிற்கும். இந்த இரண்டுக்கும் முன்பாகக் கேட்க வேண்டியது வேறொன்று: உள்ளே போட்டது தவறிப்போனால் அதைத் திரும்ப எடுக்க முடியுமா? ஃபில்லர், அதாவது தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தி நிரப்பும் பொருளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி ஏன் முதலில் வர வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருக்கம் எதனால் விழுகிறது

முகத்தில் தெரியும் கோடுகள் எல்லாம் ஒரே காரணத்தால் வருபவை அல்ல. காரணத்தைப் பிரித்துப் பார்க்காமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

1. தசை அசைவால் வரும் கோடுகள். புருவத்தை நெரிக்கும்போது நடுவில் விழும் செங்குத்துக் கோடு, நெற்றியின் குறுக்குக் கோடு, சிரிக்கும்போது கண்ணோரத்தில் விரியும் கோடு ஆகியவை இவ்வகை. தொடக்கத்தில் முகம் அசையும்போது மட்டும் தெரியும்; பல ஆண்டுகளுக்குப் பின் அசையாத முகத்திலும் பதிந்துவிடும்.

2. தோலே மெலிந்து வரும் நுண்சுருக்கம். தோலுக்கு உறுதியும் மீள்தன்மையும் தரும் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரதங்கள் வயதோடு குறைகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்களும் புகைப்பழக்கமும் இந்தக் குறைவைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன.

3. தோலுக்கு அடியில் உள்ள பருமன் குறைவது. கன்னத்தின் கொழுப்புத் திட்டுகள் வற்றிக் கீழிறங்கும். கண்குழியைச் சுற்றியும் தாடையிலும் எலும்பே சற்றுத் தேயும். தாங்கி நின்றது குறையும்போது மேலிருக்கும் தோல் மடிகிறது. மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடி வரை இறங்கும் மடிப்பு பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

ஃபில்லர் என்பது மூன்றாவது காரணத்துக்கு உரியது. பதிந்துபோன கோடுகளுக்கும் ஓரளவு உதவும். முதல் காரணத்துக்கு உரியது பொட்டுலினம் டாக்சின், அதாவது போடாக்ஸ் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் மருந்து. அது எதையும் நிரப்புவதில்லை. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியைத் தற்காலிகமாக நிறுத்தித் தசையைத் தளர்த்துகிறது. சில நாட்களில் பலன் தெரியத் தொடங்கி, மூன்று முதல் நான்கு மாதங்களில் மறைந்துவிடும். நெற்றிக் கோட்டுக்கு ஃபில்லர் கேட்பவருக்கும் குழிந்த கன்னத்துக்குப் போடாக்ஸ் கேட்பவருக்கும், அவர்கள் கேட்டதையே கொடுத்து அனுப்புவது நல்ல மருத்துவம் ஆகாது.

இரண்டாவது காரணத்துக்கு ஊசி முதல் மருந்தே அல்ல. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டு முழுவதும் வெயிலில் நிற்பவர்களுக்கும், இருசக்கர வண்டியில் தினமும் நெடுந்தூரம் செல்பவர்களுக்கும், நாள்தோறும் பூசும் சன்ஸ்கிரீனும், மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ட்ரெட்டினாயின் களிம்பும் தரும் பயன் ஊசியின் பயனைவிட அடிப்படையானது. ட்ரெட்டினாயின் பலன் தரப் பல மாதங்கள் ஆகும். கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது. பொறுமை வேண்டும் என்பதாலேயே இதை யாரும் பலகையில் எழுதி விளம்பரம் செய்வதில்லை.

கரைக்கக்கூடிய வகை: ஹயலூரோனிக் அமிலம்

இன்று உலகெங்கும் அதிகம் பயன்படும் ஃபில்லர் இதுதான். ஹயலூரோனிக் அமிலம் நம் தோலிலும் மூட்டுத் திரவத்திலும் கண்ணின் உள்ளேயும் இயல்பாக உள்ள ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தன்மை உடையது. இயல்பு நிலையில் அதைத் தோலில் செலுத்தினால் உடலில் உள்ள நொதிகள் ஓரிரு நாளில் சிதைத்துவிடும். எனவே சங்கிலிகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் குறுக்காகப் பிணைத்து, எளிதில் சிதையாத கூழாக மாற்றுகிறார்கள். ஃபில்லரின் ஆயுளும் குணமும் இந்தப் பிணைப்பைப் பொறுத்தவை.

1981-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்ற மாட்டுக் கொலாஜன் ஊசிதான் முதலில் பரவலானது. ஆனால் அதற்கு முன்கூட்டியே ஒவ்வாமைச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு மேல் நிற்கவும் இல்லை. 2003-இல் ஹயலூரோனிக் அமில ஃபில்லருக்கு அதே நிர்வாகம் அனுமதி அளித்தபின் கொலாஜன் ஊசி வழக்கொழிந்தது. இப்போது சந்தையில் உள்ள ஹயலூரோனிக் அமிலம் பெரும்பாலும் பாக்டீரியாவை நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படுவது. சைவ உணவினரும் மாட்டுப் பொருளைத் தவிர்ப்பவர்களும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

ஒரே நிறுவனத்தின் ஹயலூரோனிக் ஃபில்லரிலேயே பல வகைகள் இருப்பதற்குக் காரணம் விறைப்பு. அழுத்தினாலும் உருக்குலையாத விறைப்பான கூழ் கன்ன எலும்பின் மேலும் முகவாயிலும் ஆழமாக வைப்பதற்கு ஏற்றது. உதட்டுக்கும் நுண்கோட்டுக்கும் மென்மையான கூழ் வேண்டும். விறைப்பான கூழை மெல்லிய தோலில் வைத்தால் கட்டியாகத் தெரியும்; மென்மையானதைக் கன்னத்தில் ஆழமாக வைத்தால் தாங்காது. ஆகவே “நல்ல பிராண்டு எது?” என்ற கேள்விக்கு, எந்த இடத்துக்கு, எந்த ஆழத்தில் என்று சொல்லாமல் விடையே கிடையாது.

பொதுவாக 6 முதல் 18 மாதங்கள் வரை பலன் நிற்கும். அசைவு மிகுந்த உதட்டில் விரைவாகக் குறையும், கன்னத்தில் நீடிக்கும். வெளித்தோற்றத்தில் பலன் மறைந்துவிட்டதாகத் தோன்றும் சிலருக்கு, எம்.ஆர்.ஐ. படத்தில் பல ஆண்டுகளுக்குப் பின்னும் கூழின் எச்சம் தெரிந்திருக்கிறது. குறைந்துவிட்டது என்று எண்ணி ஒவ்வோர் ஆண்டும் சேர்த்துக்கொண்டே போனால், நாளடைவில் முகம் வீங்கியது போன்ற தோற்றம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு சிரிஞ்சில் இருப்பது பெரும்பாலும் 1 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே சிரிஞ்சில் முகம் முழுவதும் இளமையாகும் என்பது நடக்காத காரியம்.

இந்த வகையின் தனிச்சிறப்பு ஆயுளில் இல்லை. ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை அதே இடத்தில் செலுத்தினால் கூழ் சில மணி நேரத்திலேயே கரையத் தொடங்கும் என்பதே அதன் சிறப்பு. கண்புரை அறுவைக்கு முன்பு கண்ணைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் ஊசியோடு கண் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சேர்த்துவரும் அதே நொதிதான் இது. கட்டி தட்டினாலும், அளவு மிஞ்சினாலும், எல்லாவற்றையும்விட முக்கியமாக ரத்தக்குழாய் அடைபட்டாலும், மருத்துவரின் கையில் ஒரு விடை இருக்கிறது. மற்ற வகைகளில் அந்த விடை இல்லை.

கரைக்க முடியாத வகைகள்

கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட். எலும்பிலும் பல்லிலும் உள்ள தாதுவை நுண்மணிகளாக்கி ஒரு கூழில் கலந்தது. கூழ் சில மாதங்களில் மறையும். மணிகளைச் சுற்றிப் புதிய கொலாஜன் உருவாகும். ஓராண்டோ அதற்குச் சற்று மேலோ நிற்கும். உதட்டிலும் கண்ணைச் சுற்றியும் வைக்கக் கூடாது, கட்டி தட்டும். எக்ஸ்-ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் வெண்மையாகத் தெரியும் என்பதால், பிற்பாடு பல்லுக்கோ சைனஸுக்கோ படமெடுக்கும் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

பாலி-எல்-லாக்டிக் அமிலம். அறுவைத் தையல் நூலில் பயன்படும் பொருள் வகையைச் சேர்ந்தது. தூளாக வரும், நீரில் கலந்து செலுத்துவார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளின் கன்னம் குழிந்துபோவதைச் சரிசெய்ய 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் அழகுச் சிகிச்சைக்கும் வந்தது. உடனடியாக நிரப்பாது. சில வார இடைவெளியில் இரண்டு மூன்று அமர்வுகள் கழித்து, உடலே கொலாஜனை உருவாக்க, மெல்ல மெல்ல மாற்றம் தெரியும். இரண்டு ஆண்டுகள் வரை நிற்கும். ஊசிக்குப் பின் தினமும் ஐந்து முறை, ஐந்து நிமிடம் வீதம், ஐந்து நாட்கள் தேய்த்துவிடச் சொல்வது வழக்கம். தவறினால் தோலடியில் முடிச்சுகள் தோன்றக்கூடும். அடுத்த வாரம் கல்யாணம் என்பவருக்கு இது எந்த விதத்திலும் பொருந்தாது.

பாலிமெத்தில் மெத்தக்ரிலேட். இது நிரந்தரம். உடலின் செல்கள் விழுங்க முடியாத அளவுடைய பிளாஸ்டிக் நுண்மணிகள். அனுமதி பெற்ற தயாரிப்பில் இவை மாட்டுக் கொலாஜனில் கலந்திருப்பதால் ஒவ்வாமைச் சோதனை தேவை. “ஒரு முறை போட்டால் போதும்” என்ற சொல் இதற்குத்தான் பொருந்தும். ஆபத்தும் அதே சொல்லில்தான் இருக்கிறது. முகம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், மணிகள் மாறா. சில ஆண்டுகளுக்குப் பின் அவற்றைச் சுற்றி அழற்சிக் கட்டி உருவானால், ஸ்டீராய்டு ஊசியும் கத்தியும்தான் வழி. கத்தி தழும்பை விட்டுப்போகும். முதல் முறை ஃபில்லர் போடுபவருக்கு நிரந்தர வகையைப் பரிந்துரைப்பதை என்னால் ஏற்க இயலாது.

தன் உடல் கொழுப்பை எடுத்து முகத்தில் செலுத்துவது ஒரு சிறு அறுவைச் சிகிச்சை. ஒவ்வாமை இராது, ஆனால் எவ்வளவு நிலைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ரத்தக்குழாயில் புகுந்துவிட்டால் கரைக்கவும் வழியில்லை.

திரவ சிலிகோனைச் சுருக்கத்துக்கு ஊசியாகச் செலுத்துவதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதிக்கவில்லை. விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் பயன்படுத்தும் சிலிகோன் எண்ணெய் முகத்துக்கானது அல்ல. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் கூழைச் செலுத்தும் “பேனா” கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே நிர்வாகம் 2021-இல் எச்சரித்தது. இணையத்தில் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஃபில்லரைப் பற்றி விவாதிக்க எதுவும் இல்லை, போடக் கூடாது.

ரத்தக்குழாய் அடைப்பு: முடிவைத் தீர்மானிக்கும் அபாயம்

சிவப்பு, வீக்கம், கன்றிப்போன நீலம் ஆகியவை பலருக்கும் வரும். சில நாட்களில் போய்விடும். கண்ணுக்குக் கீழே மெல்லிய தோலில் மேலோட்டமாக வைத்த கூழ் நீலச்சாம்பல் நிழலாகத் தெரியலாம், கரைத்துவிடலாம். மாநிறமும் கருநிறமும் உடைய நம் தோலில் ஊசி குத்திய இடம் கருமையாகத் தங்கிவிடும் வாய்ப்பும் உண்டு; தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் இதை முன்பே சொல்ல வேண்டும். இவை அனைத்தும் சமாளிக்கக்கூடியவை. அரிதாக நிகழ்வதாயினும் இவற்றோடு ஒப்பிடவே முடியாதது ரத்தக்குழாய் அடைப்பு.

முகத்தின் ரத்தக்குழாய்கள் தனித்தனியாக ஓடுவதில்லை. மூக்கின் மேலும் புருவ நடுவிலும் ஓடும் சிறு தமனிகள், கண்ணுக்கு ரத்தம் தரும் தமனியோடு இணைந்திருக்கின்றன. ஊசிமுனை தவறித் தமனிக்குள் புகுந்து அழுத்தத்தோடு கூழைத் தள்ளினால், அது ரத்த ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிச் சென்று, அழுத்தம் விட்டவுடன் ஓட்டத்தோடு விழித்திரைத் தமனிக்குள் போய்ச் சேரக்கூடும். புருவ நடுவும் மூக்கும் இதில் மிக ஆபத்தானவை. நெற்றியும் மூக்கோர மடிப்பும் அடுத்தவை. கண்ணுக்குச் செல்லாமல் அங்கேயே அடைத்தால் அந்தப் பகுதித் தோல் இறந்துபோகும்.

அறிகுறிகளை ஊசி போட்டுக்கொள்பவரும் தெரிந்திருக்க வேண்டும்:

1. ஊசி போடும்போதே அல்லது சற்று நேரத்தில் தோல் திடீரென வெளுத்துப்போவது.
2. வலை பின்னியது போன்ற நீலத் திட்டுகள் தோன்றுவது. விரலால் அழுத்தி விட்டபின் நிறம் திரும்பத் தாமதமாவது.
3. வழக்கத்துக்கு மீறிய வலி, அல்லது மரத்துப்போகச் செய்யும் மருந்தின் விளைவு நீங்கியபின் கூடிக்கொண்டே போகும் வலி.
4. பார்வை மங்குவது, இருள்வது, கண்வலி, இமை இறங்குவது, பேச்சு குழறுவது, கை கால் தளர்வது. இவற்றில் ஒன்று வந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

ரத்தம் இன்றி விழித்திரை தாங்கும் நேரம் சுமார் 60 முதல் 90 நிமிடங்கள் என்று கருதப்படுகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். நெரிசல் மிகுந்த அந்தச் சாலையில் பெரிய மருத்துவமனையைத் தேடிப் புறப்பட்டால், சென்று சேரும் முன்பே அந்த நேரம் முடிந்துவிடும். பார்வை போனபின் நொதி செலுத்தியும் திரும்பாமல் போனவர்கள் பலர் என்பதையும் மறைக்கக் கூடாது. தோல் அடைப்பில் நொதியின் பலன் தெளிவானது. ஆனால் அதற்கும் சிறு அளவு போதாது, அடைப்பு விலகும்வரை திரும்பத் திரும்பச் செலுத்த நேரிடும். எனவே ஹயலூரோனிடேஸ் குப்பிகள் ஊசி போடும் அறையிலேயே, அந்த நேரத்திலேயே இருக்க வேண்டும். “தேவைப்பட்டால் வரவழைப்போம்” என்ற பதிலைக் கேட்டால் எழுந்து வந்துவிடுவதே சரி.

மழுங்கிய முனை கொண்ட கேனுலா என்ற மெல்லிய குழாயைப் பயன்படுத்துவது, மெதுவாகச் சிறு சிறு அளவாகச் செலுத்துவது ஆகியவை ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்கா. அதனால்தான் மடிப்பு விழுந்த இடத்தை நேரடியாக நிரப்பாமல், அதற்குக் காரணமான கன்னத்தின் பருமனை மேலே சரிசெய்வதைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். புருவ நடுக்கோட்டுக்குப் போடாக்ஸ் போதுமென்றால் அங்கே ஃபில்லர் வைக்கவே வேண்டாம்.

எல்லையின் இருபுறமும் சரிபார்க்க வேண்டியவை

இந்தியாவில் ஃபில்லர் ஒரு மருத்துவக் கருவியாக, 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கீழ் ஒழுங்குபடுத்தப்படுகிறது. இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதி உரிம எண்ணும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். வெளிநாட்டு எழுத்துகள் மட்டும் உள்ள பெட்டியோ, “துபாயிலிருந்து கொண்டுவந்தது” என்ற விளக்கமோ போதுமானதல்ல. பெட்டி நம் கண் முன்னே பிரிக்கப்பட வேண்டும்; ஒருவருக்குப் போட்டு மீந்ததை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது.

போடுபவர் யார் என்பது அடுத்தது. தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ பெற்றவரா, பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். பெற்றவரா, ஃபில்லரில் தனிப் பயிற்சி உண்டா என்று கேட்கலாம். அழகுக்கலைப் படிப்புச் சான்றிதழ் மருத்துவப் பட்டம் ஆகாது. தமிழ்நாட்டில் பணியாற்றுபவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், கேரளத்தில் பணியாற்றுபவர் அம்மாநிலக் கவுன்சிலிலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கேரளத்துப் பழைய சான்றிதழ்களில் திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயர் இருப்பதைக் கண்டு ஐயப்பட வேண்டியதில்லை. சிகிச்சை நிலையத்துக்கும் பதிவு உண்டு: தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கேரளத்தில் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். வாரம் ஒரு நாள் மட்டும் வந்துபோகும் மருத்துவர் என்றால், அடுத்த நாள் சிக்கல் வந்தால் பார்ப்பது யார் என்று பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

குமரி மாவட்டத்தார் பலர் மலையாளம் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் மலையாள எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேர் இல்லை. திருவனந்தபுரத்தில் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்புதல் படிவத்தை நீட்டினால், வாய்விளக்கத்தோடு நின்றுவிடாமல், புரிந்த மொழியில் வரிவரியாகப் படித்துக்காட்டச் சொன்னபின்தான் கையெழுத்திட வேண்டும். “நிரந்தரம்”, “திரும்பப் பெற இயலாதது” என்ற சொற்கள் அதில் எங்கே வருகின்றன என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை ஒன்று போதும். நோய்க்கான சிகிச்சை அல்லாத அழகுச் சிகிச்சையை மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை. பின்னர் வரும் சிக்கலுக்கான செலவையும் காப்பீடு ஏற்கும் என்று எண்ணித் துணியக் கூடாது.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

கர்ப்பம், பாலூட்டல், தன்னுடல் தாக்கு நோய், முகத்தில் உள்ள பரு அல்லது புண், உதட்டில் அடிக்கடி வரும் அக்கிப் புண், ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் வேறு மருந்து, மீன் எண்ணெய் மாத்திரை, முன்பு எப்போதாவது போட்ட ஃபில்லர் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இதயத்துக்காக உட்கொள்ளும் மருந்தை ஊசிக்காகத் தானே நிறுத்துவது ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. பல் பிடுங்குவது, வேர்ச்சிகிச்சை போன்றவற்றுக்கும் ஃபில்லருக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் விடுவது வழக்கம். வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து கூழில் தங்கக்கூடும் என்பதே காரணம்.

மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்போர் மிகுதி என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேனீயின் நஞ்சிலும் குளவியின் நஞ்சிலும் ஹயலூரோனிடேஸ் இருக்கிறது. கொட்டியபோது உடல் முழுவதும் தடித்து, மூச்சுத் திணறி, மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்த ஒருவருக்கு, ஃபில்லரைக் கரைக்கும் நொதியே கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அவரைப் பொறுத்தவரை “கரைத்துவிடலாம்” என்ற பாதுகாப்பு முழுமையானதல்ல. ஹயலூரோனிக் ஃபில்லரையும் நன்கு யோசித்த பின்பே ஏற்க வேண்டும்.

ஊசி போட்டு முடிந்ததும் பெட்டியிலுள்ள ஒட்டுச்சீட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி, தேதி, இடம், அளவு, போட்டவர் பெயர் ஆகியவற்றை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்துச் சென்னையிலோ ஷார்ஜாவிலோ கன்னத்தில் ஒரு கட்டி தோன்றும்போது, அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது உள்ளே இருப்பது எந்த வகை என்பதைத்தான். நொதியை எடுப்பதா, ஸ்டீராய்டை எடுப்பதா, கத்தியை எடுப்பதா என்பதை அந்தச் சீட்டில் உள்ள பெயரும் தொகுதி எண்ணும்தான் அவருக்குச் சொல்லும்.